மைக்கேல் கார்டியூவின் வின்ச்கம் காலத்துப் பாண்டங்கள் (1926–39) – பேசுவோம்

புதுவை_வனைஞன் (இழையைத் தொடங்கியவர்)

நம் குழுவில் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் கல் போலக் கெட்டியாகச் சுட்ட பாண்டம்), போர்சலின், ராக்கு என்று எத்தனையோ இழைகள் ஓடியிருக்கின்றன. செம்மண் பாண்டத்தின் மேல் வெள்ளைக் களிமண் குழம்பை (ஸ்லிப்) ஊற்றி, அது காய்வதற்குள் விரலால் இழுத்துக் கோடு போட்டு, மேலே கிளேஸ் (சூட்டில் கண்ணாடி போல உருகிப் படியும் பூச்சு) பூசிச் சுடும் ஸ்லிப்வேர் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதை இருபதாம் நூற்றாண்டில் மறுபடி அடுப்படிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்தவர்களில் நான் முதலில் சொல்வது மைக்கேல் கார்டியூவைத்தான் (1901–1983).

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நேரே ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுகிறார்கள். கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா), நைஜீரியாவின் அபுஜா, அங்கே வனைந்த லாடி குவாலி. பெரிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷையரில், வின்ச்கம் ஊருக்குப் பக்கத்தில் கிரீட் என்ற இடத்தில் பதின்மூன்று வருஷம் அவர் செய்த ஜக், கிண்ணம், பெரிய தட்டு, சைடர் (ஆப்பிள் மது) ஜாடி, இவற்றை மிஞ்ச அவராலேயே பின்னாளில் முடியவில்லை என்பது என் கருத்து.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. அப்பா அரசு ஊழியர். வடக்கு டெவனில் ஃப்ரெமிங்டன் என்ற ஊரில் எட்வின் பியர் ஃபிஷ்லி என்ற நாட்டுப்புறக் குயவரிடம் பாண்டம் வாங்குவது அவருக்குப் பழக்கம். அதனால் மைக்கேல் சின்ன வயதிலிருந்தே ஃபிஷ்லியின் ஜக்குகள் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர். ஃபிஷ்லி இவருடைய சிறுவயதிலேயே இறந்துவிட்டார். பிறகு ஃபிஷ்லியின் பேரன் வில்லியம் ஃபிஷ்லி ஹாலந்திடம் சக்கரத்தில் கை பழகினார். ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்துவிட்டு 1923-இல் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை வைத்திருந்த பெயர்பெற்ற வனைஞர் பெர்னார்ட் லீச்சிடம் முதல் மாணவராகச் சேர்ந்தார். அப்போது ஜப்பானிய வனைஞர் ஷோஜி ஹமடா அங்கேதான் இருந்தார், அந்த வருஷக் கடைசியில்தான் ஜப்பான் திரும்பினார்.

1926-இல் கிரீட்டில் மூடிக்கிடந்த பழைய பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார் கார்டியூ. பெக்கெட் குடும்பம் நடத்தி, முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தில் கைவிட்ட இடம். பண்ணை வீடுகளுக்கான பெரிய பெரிய தாழிகள் செய்த பட்டறை அது. புட்டி வடிவத்தில் உயர்ந்து நிற்கும் பெரிய சூளை. அந்தச் சூளையை நிரப்புவதற்கே ஆயிரக்கணக்கில் வனைய வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய அலங்காரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

என் கேள்வி: இந்தப் பாண்டங்களில் உள்ள அலங்காரத்தை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? தட்டின் மேல் வரைந்த படமாகவா, தட்டு வனைந்ததன் கடைசி அசைவாகவா?

---

செல்ட்டனம்_தமிழன்

வணக்கம் அண்ணை. நல்ல இழை. நான் இருக்கிறது செல்ட்டனத்தில, வின்ச்கம் எனக்குக் கூப்பிடு தூரம். பட்டறை இப்பவும் நடக்குது, ஆனா இப்ப ஸ்டோன்வேர்தான் செய்யினம்.

போன வருசம் இஞ்ச ஒரு ஏலக்கடையில, ஏலத்துக்கு முதல் நாள் பொருளைக் கையில எடுத்துப் பாக்க விட்டவை. கார்டியூவின்ர ஜக் ஒண்டு, ஒரு முழ உயரம் வராது. கண்டதைச் சொல்லுறன்.

உள்ளுக்கும் வெளியிலயும் வெள்ளை ஸ்லிப். வெளியில அடி வரைக்கும் போகேல்ல, மூண்டு விரல் அகலம் செம்மண் தெரியுது, அந்த இடத்தில கிளேசும் இல்லை. ஸ்லிப் நிண்ட விளிம்பு நேர்க்கோடு இல்லை, தலைகீழாப் பிடிச்சு முக்கி எடுத்தபோது ஒரு பக்கம் கொஞ்சம் சரிஞ்சு போன மாதிரி. வயித்தில மூண்டு விரலாலயும் ஒரே இழுப்பில அலை மாதிரிக் கோடு. கோடு தொடங்கின இடத்தில ஸ்லிப் தடிச்சுக் குவிஞ்சிருக்கு, முடிஞ்ச இடத்தில மெல்லிசாப் போய் மறையுது. அதைத் தடவிப் பாத்தா அவற்ற கை எந்தப் பக்கத்தால போனதெண்டு விளங்கும். பிடி தடிப்பு, கீழ ஒட்டின இடத்தில பெருவிரல் அமத்தின குழி. என்ர பெருவிரல் அதுக்குள்ள அப்பிடியே பொருந்திச்சு.

நிறம்தான் சொல்ல ஏலாது. வெள்ளை ஸ்லிப் வெள்ளையா இல்லை, தேன் நிறம். கோட்டுக்குள்ள தெரியிற செம்மண் கடும் மண்ணிறம். ஒரு பக்கம் நெருப்புப் பட்ட இடத்தில பச்சை கலந்த ஒரு மங்கல்.

அடியில ரெண்டு முத்திரை: எம்.சி. எண்டு அவற்ற பேர் எழுத்து, மற்றது வின்ச்கம் பொட்டரிக்கான டபிள்யூ.பி.

உங்கட கேள்விக்கு என்ர பதில்: படம் இல்லை, அசைவுதான். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியில நிண்டு பாத்தால் இது பிடிபடாது.

---

நந்தினி_சேலம்

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. படிக்கவே கை ஊறுது.

நான் மாடித் தோட்டத்து ஷெட்டில் சின்ன எலக்ட்ரிக் சூளை வச்சிருக்கேன். இந்த ஸ்லிப் வேலையை முயற்சி பண்ணினா ரெண்டே ரெண்டு விஷயம்தான் நடக்குது. ஒண்ணு, காய்ஞ்சதும் ஸ்லிப் செதில் செதிலா உரிஞ்சு வருது. இல்லன்னா, கிண்ணம் ஊறிப் போய் உட்கார்ந்துடுது. கப்பா இருந்தா பிடி கழண்டு கையோட வருது. இவங்க ஆயிரக்கணக்குல எப்படிப் பண்ணினாங்க?

---

மானாமதுரை_மைந்தன்

தங்கச்சி, உங்க ரெண்டு பிரச்சனையும் பதம் தப்புறதுதான். நாங்க பானைக்குச் செங்காவி பூசுறதிலயும் இதே கதைதான். பானை ரொம்பக் காய்ஞ்ச பிறகு பூசினா, மேல பூசின மண்ணு சுருங்கும், உள்ள இருக்கிற பானை ஏற்கெனவே சுருங்கி முடிச்சிருக்கும். பிடிப்பு எங்கேயிருந்து வரும்? உரியத்தான் செய்யும். ஈரமா இருக்கும்போது பூசினா, ஸ்லிப்ல இருக்கிற தண்ணிய முழுக்கப் பானை குடிச்சிட்டு உட்கார்ந்துரும்.

நகத்தால அழுத்தினா தடம் விழணும், ஆனா கையில தூக்கினா வடிவம் மாறக் கூடாது. அந்தப் பதத்துல பூசுங்க. உள்ளுக்கு முதல்ல ஊத்திக் கவுத்திருங்க. அது பளபளப்புப் போய் மங்கின பிறகுதான் வெளிப்பக்கம். ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணாதீங்க, அதுலதான் பிடி கழளுது.

---

புதுவை_வனைஞன்

மைந்தன் சொன்னதற்கு மேல் சேர்க்கக் கொஞ்சம்தான் இருக்கிறது. ஸ்லிப்பைத் தோசை மாவு பதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய சல்லடையில் ரெண்டு தடவை வடிகட்டுங்கள். ஒரு கட்டி இருந்தாலும் கோடு அங்கே இடறும்.

மேலே விரல் இழுப்பதற்குக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. ஸ்லிப் பளபளப்பாக இருக்கும் வரை விரலுக்கு முன்னால் வழிந்து ஓடும், பளபளப்பு போன பிறகு கிழியும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டும். அழித்துப் போட வழியில்லை. இன்னொரு முறை, குழாய் வைத்த பையிலிருந்து ஸ்லிப்பைப் பிழிந்து கோடு இழுப்பது. பழைய இங்கிலாந்துக் குயவர்கள் மாட்டுக் கொம்பில் இறகுத் தண்டைச் செருகி அதைச் செய்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்டாஃபர்ட்ஷையரில் தாமஸ் டாஃப்ட் செய்த பெரிய தட்டுகளைப் பாருங்கள், ராஜா ராணி உருவம், கடற்கன்னி, சிங்கம் எல்லாமே பிழிந்த கோடுதான்.

கார்டியூ டாஃப்ட் அளவுக்குப் படம் போட்டவர் இல்லை. அலை, சுருள், புள்ளி வரிசை, குறுக்குக் கோடு, எப்போதாவது ஒரு மீன் அல்லது பறவை. ஏன் என்றால், நான் முதலில் சொன்ன சூளைதான். அது நிரம்ப வேண்டும். ஒரு பலகையில் வரிசையாக நிற்கும் ஜக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் பதத்துக்கு வரும், ஒரே நேரத்தில் பதம் தாண்டியும் போகும். ஒவ்வொன்றின் முன்னும் நின்று யோசிக்க நேரம் கிடையாது. யோசிக்காமலே கை போகும் அளவுக்கு அந்த அசைவு ஊறியிருக்க வேண்டும். ஒரே மாதிரி இருபது ஜக்குகளை வரிசையாக வைத்தால் இருபதிலும் அலை வேறு வேறாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே கையெழுத்து. இதைத்தான் நான் கடைசி அசைவு என்று சொன்னேன்.

இன்னொன்று: சுடாத பச்சைப் பாண்டத்தின் மேலேயே கிளேஸ் பூசி ஒரே தடவையில் சுட்டுவிடும் நாட்டுப்புற முறைதான் அங்கே. முதல் சுடல், இரண்டாம் சுடல் என்று பிரித்துச் செய்யும் நமக்கு நடுவில் யோசிக்க இடம் இருக்கிறது. அங்கே மண்ணிலிருந்து மேசை வரை ஒரே மூச்சு.

---

மானாமதுரை_மைந்தன்

வேலையைப் பத்திச் சொன்னதெல்லாம் சரி. ஆனா ஒரு விஷயத்தை நான் கேட்காம இருக்க முடியாது, சார். நான் வேளார் வீட்டுப் பையன். அய்யா, அப்பா ரெண்டு பேரும் சக்கரத்துல இருந்தவங்க. நான் படிச்சு வேற வேலைக்குப் போயிட்டேன்.

ஆக்ஸ்ஃபோர்டுல கிரேக்கம் படிச்சவர் கிராமத்துக் குயவர் செஞ்சதைச் செய்றார். அதுக்கு லண்டன்ல கண்காட்சி, அருங்காட்சியகம், புத்தகம். அதே ஊர்ல தலைமுறையா அதையே செஞ்ச ஆளு பட்டறை மூடினதும் கூலி வேலைக்குப் போறார். பாண்டத்துக்கு அடியில யாரோட எழுத்து இருக்கு? எம்.சி. இங்கயும் இதான நடக்குது? எங்க ஊர்ல அம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுறவங்க, ஆங்கிலத்துல பேசுற ஸ்டூடியோக்காரர் கிட்ட அதே மண்ணு, அதே சக்கரம், ரெண்டாயிரம் கொடுத்து வாங்குறாங்க. வனையுறது ஒருத்தருக்குப் பிறந்த இடத்துல மாட்டின தொழில், இன்னொருத்தருக்குத் தேடிப் போன கலை. கோபமா சொல்லல. ஆனா இதைப் பேசாம கார்டியூவைக் கொண்டாடுறது எனக்கு முழுசா ஒட்டல.

---

செல்ட்டனம்_தமிழன்

மைந்தன் கேட்டது சரியான கேள்வி. இஞ்சயும் அந்த வகுப்பு வித்தியாசம் இருந்ததுதான், ஆரும் இல்லையெண்டு சொல்லேலாது.

ஆனா அந்தப் பட்டறையில வேற ஆக்களும் இருந்தவை, அவையின்ர பேரும் அழிஞ்சு போகேல்ல. எலைஜா கம்ஃபர்ட் எண்ட பெரியவர் பெக்கெட் காலத்தில அங்க தலைமை வனைஞர். மைந்தன் சொன்ன மாதிரித்தான், பட்டறை மூடின பிறகு சக்கரத்தை விட்டிட்டார். கார்டியூ அவரைத் தேடிப் பிடிச்சுத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தவர். பெரிய பாண்டத்தை வேகமா வனையிறதில கார்டியூவே அவரிட்டத்தான் பாடம் எடுத்திருப்பார் எண்டு அந்த வேலையளைப் பாத்தா நினைக்கத் தோணும். 1927-இல சிட்னி டஸ்டின் எண்ட பெடியன், பள்ளிக்கூடம் விட்ட கையோட சேர்ந்தவர். பிறகு அவற்ற தம்பி சார்லியும். சிட்னி அரை நூற்றாண்டு அங்கேயே இருந்தவர். கார்டியூ வெளிக்கிட்டு எத்தினையோ வருசத்துக்குப் பிறகும்.

---

புதுவை_வனைஞன்

மைந்தன், உங்கள் கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த இழையைத் தொடர எனக்கும் விருப்பமில்லை.

கார்டியூவின் நோக்கம் வெளிப்படையானது. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில், அன்றாடம் புழங்கும் பாத்திரம். லீச் கலைப் பொருளுக்கும் புழங்கு பொருளுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்த காலத்தில் இவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குப் பால் சட்டியும் சைடர் ஜாடியும் விற்க ஆசைப்பட்டார். ஆனால் அந்த நேரத்தில் தகரமும் எனாமலும் மலிவான தொழிற்சாலைப் பீங்கானும் கிராமத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. கடைசியில் அவருடைய பாண்டங்களைத் தேடி வாங்கியவர்களில் லண்டன் கலைக்கூடங்களுக்குப் போகும் படித்தவர்கள் நிறையப் பேர். அவர் விரும்பிய வாடிக்கையாளர் வேறு, கிடைத்தவர் வேறு. இந்த முரண் அவரைக் கடைசி வரை விட்டதாகத் தெரியவில்லை.

முத்திரை பற்றி: எம்.சி. அவர் வனைந்ததற்கு, டபிள்யூ.பி. பட்டறைக்கு. பட்டறை முத்திரை மட்டும் உள்ள பாண்டங்களை இன்று ஏலத்தில் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கம்ஃபர்ட்டோ டஸ்டினோ வனைந்த ஒரு கிண்ணம் சாப்பிடுகிறவனுக்கு எந்த விதத்தில் தாழ்ந்தது? எழுத்தை வைத்து விலை போடுவது சேகரிப்பாளர்களின் வேலை, மேசைக்கு அதனால் ஒன்றும் இல்லை. அந்த வகையில் உங்கள் கோபம் கார்டியூவை விடச் சந்தையின் மேல் விழ வேண்டியது என்பது என் எண்ணம்.

---

மானாமதுரை_மைந்தன்

சந்தை மேலயும் விழுது, அவர் மேலயும் கொஞ்சம் விழுது. ரெண்டுக்கும் இடம் இருக்கு சார். ஆனா கம்ஃபர்ட்டைத் தேடிப் பிடிச்சுத் திரும்பச் சக்கரத்துல உட்கார வச்சது பெரிய காரியம். எங்க ஊர்ல அதைச் செய்ய ஆள் வரல.

---

ரசாயனம்_கோவை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது இணையத்தில் பழைய ஸ்லிப்வேர் வாங்கி ரசம் ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அந்தத் தேன் நிறம் காரீயத்திலிருந்து வருவது.

பழைய இங்கிலாந்துக் குயவர்கள் கலீனா எனும் காரீயக் கனிமத்தைப் பொடித்து, களிமண்ணோடு கரைத்துப் பூசினார்கள். கார்டியூவின் ஸ்லிப்வேர் கிளேசும் அந்தக் காரீய மரபைச் சேர்ந்ததுதான். காரீயம் சிலிக்காவை ஆயிரம் டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்திலேயே உருக வைத்துவிடும். செம்மண் பாண்டம் தாங்குகிற சூடும் அதுதான், அதனால் பொருத்தம். உருகும்போது அடியில் உள்ள மண்ணிலிருந்து கொஞ்சம் இரும்பையும் கரைத்து எடுத்துக்கொள்ளும். வெள்ளை ஸ்லிப் தேன் நிறமாவது இப்படித்தான். ஒளிவிலகல் எண் அதிகம் என்பதால் அந்த ஆழமான மினுமினுப்பு.

இப்போது ஆபத்து. சரியான கலவையில் சரியாகச் சுட்ட காரீயக் கிளேஸ் ஓரளவு நிலையானது. ஆனால் சூளையின் ஒரு மூலையில் சூடு குறைந்திருந்தால் அதே தட்டிலிருந்து காரீயம் கசியும். புளி, எலுமிச்சை, தயிர், வினிகர், ஊறுகாய் எல்லாம் அமிலம், கசிவைக் கூட்டும். பச்சை நிறத்துக்காகச் செம்பு சேர்த்திருந்தால் இன்னும் மோசம், செம்பு காரீயக் கிளேசின் தாங்குதிறனைக் குறைக்கிறது. கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாது. முறையான பரிசோதனை என்பது 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து, அதில் எவ்வளவு காரீயம் இறங்கியது என்று ஆய்வகத்தில் அளப்பது. கடையில் விற்கும் தேய்த்துப் பார்க்கும் குச்சிகளை நம்பி, தெரியாத பாண்டத்தில் சாப்பிட வேண்டாம்.

நம் வீட்டு ஈயச் சொம்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முறையாகச் செய்த ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம்.

வடக்கு டெவன் பெயர் அடிபட்டதால் இன்னொரு செய்தி. 18-ஆம் நூற்றாண்டில் டெவனில் சைடர் குடித்தவர்களுக்குக் கடுமையான வயிற்று வலியும் வாதமும் வந்தன. 1760-களில் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் அதற்குக் காரணம் சைடரில் கலந்த காரீயம் என்று காட்டினார். அவர் சுட்டியது சைடர் பிழியும் இயந்திரங்களில் இருந்த காரீயத்தைத்தான். ஆனால் அமிலமும் காரீயமும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதை விட வேறு சாட்சி வேண்டியதில்லை.

வேலை செய்தவர்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து. பதப்படுத்தாத காரீயத் தூளை நாள் முழுக்கக் கையாண்டவர்கள் அவர்கள்தான். பிரிட்டனில் 1947-இல் வந்த விதிகள் பீங்கான் தொழிற்சாலைகளில் அதைத் தடை செய்தன.

---

நந்தினி_சேலம்

ஐயோ, நல்லவேளை சொன்னீங்க சார். அப்ப அந்த நிறம் காரீயம் இல்லாம வரவே வராதா?

---

ரசாயனம்_கோவை

கிட்டத்தட்ட வரும். போரான் கலந்த ஃபிரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூள்) அடிப்படையில் ஒளி ஊடுருவும் கிளேஸ் எடுத்து, அதில் 2 சதவீதம் வரை சிவப்பு இரும்பு ஆக்சைடு சேர்த்துப் பாருங்கள். கால் சதவீதம் கால் சதவீதமாகக் கூட்டிச் சோதனைத் துண்டுகள் சுடுங்கள். ஃபிரிட் விற்பவரிடம் காரீயம் இல்லாதது என்று எழுத்தில் வாங்குங்கள். காரீயக் கிளேசின் மென்மை முழுசாக வராது, போரான் கொஞ்சம் மேகம் படர்ந்த மாதிரி நீலம் காட்டும். கிளேசை மெலிசாகப் பூசினால் அது குறையும்.

---

செல்ட்டனம்_தமிழன்

அப்ப எனக்கு ஒரு மனவருத்தம் வருகுது. இவ்வளவு நேரமும் நாங்கள் கதைச்சது என்ன? இது கையில எடுத்துப் புழங்கச் செய்தது, பெட்டிக்குள்ள வைக்கிறதில்ல எண்டு. இப்ப பாத்தா புழங்கவும் ஏலாது.

டபிள்யூ.ஏ. இஸ்மே எண்ட ஒரு மனுசனை நினைக்கிறன். யோர்க்‌ஷையர் வேக்ஃபீல்டில நூலகர். 1955-இல சேர்க்கத் தொடங்கி, ஒரு சின்ன வரிசை வீட்டுக்குள்ள 3,600-க்கு மேல பாண்டங்கள். மேசை, படி, கட்டிலுக்குக் கீழ, எங்க பாத்தாலும் பாண்டம். அதுகளுக்கு நடுவில வாழ்ந்த மனுசன். 2001-இல அவர் போன பிறகு எல்லாம் யோர்க் அருங்காட்சியகத்துக்குப் போச்சுது. பாதுகாப்புத்தான், நல்லதுதான். ஆனா இனி அதுகளை ஆரும் சும்மா தூக்கிப் பாக்கேலாது.

---

புதுவை_வனைஞன்

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் புழங்குவது என்றால் சோறு போட்டுச் சாப்பிடுவது மட்டும்தானா? ஜக்கில் பூ வைக்கலாம், கிண்ணத்தில் முழுப் பழம் வைக்கலாம். அதை விட முக்கியம், வனைகிறவர்கள் அதைக் கையில் எடுத்து எடையைப் பார்க்க வேண்டும். ஒரு ஜக் நிறைந்திருக்கும்போது மணிக்கட்டு எங்கே வலிக்கும் என்பதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அருங்காட்சியகங்கள் வனைஞர்களுக்குக் கையாளும் நேரம் ஒதுக்க வேண்டும் என்று நான் எங்கே போனாலும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இன்னொன்று. காரீயத்தைத் தாண்டியும் ஸ்லிப்வேருக்குக் குறைகள் உண்டு, கார்டியூவுக்கும் அது தெரியும். மென்மையான பாண்டம், விளிம்பு சீக்கிரம் சில்லு போகும். கிளேஸ் படாத இடத்தில் ஈரம் ஏறும். தினமும் தேய்த்துக் கழுவும் வீட்டில் ஸ்டோன்வேர் மாதிரி நிற்காது. 1939-இல் அவர் வின்ச்கம் பட்டறையைத் தம் மாணவர் ரே ஃபின்ச்சின் கையில் விட்டுவிட்டுக் கார்ன்வாலில் வென்ஃபர்ட் பிரிட்ஜுக்குப் போனார். 1942-இல் ஆப்பிரிக்கா போனதிலிருந்து அவர் மனம் முழுக்க ஸ்டோன்வேர்தான். ஃபின்ச்சும் பட்டறையைப் படிப்படியாக ஸ்டோன்வேருக்கு மாற்றினார். லண்டனில் 1961-இல் தொடங்கிய கிராங்க்ஸ் சைவ உணவகத்தில் பரிமாறியது வின்ச்கம் ஸ்டோன்வேரில்தான். தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் சாப்பிட்டுக் கழுவி அடுக்கிய பாத்திரம். கார்டியூ ஆசைப்பட்ட புழக்கம் அவருடைய மாணவரின் கையில் வேறு மண்ணில் நிறைவேறியது என்று எனக்குத் தோன்றும்.

---

மானாமதுரை_மைந்தன்

சார், அப்ப உங்க முதல் பதிவுல ‘வின்ச்கம்தான் உச்சம்’னு சொன்னது எப்படி நிக்கும்? புழங்க ஸ்டோன்வேர் மேல்னு அவரே போயிட்டார். அபுஜால அவர் நடத்தின பயிற்சி நிலையத்துக்கு 1954-ல லாடி குவாலி வந்தாங்க. அதுக்கு முன்னாடியே அவங்க ஊர்ல பேர் வாங்கின கைவனைஞர். சக்கரமே இல்லாம, பானையைச் சுத்திச் சுத்தி நடந்து வனையுறது, பல்லியும் தேளும் கீறுறது எல்லாம் அவங்க ஊர்ப் பெண்களோட வேலை. நைஜீரியா 20 நைரா நோட்டுல அவங்க படம் இருக்கு. பரம்பரையா வனையுற ஒரு பொம்பள ரூபா நோட்டுல! இதுக்கு முன்னால வின்ச்கம் ஜக்கு எம்மாத்திரம்?

---

புதுவை_வனைஞன்

லாடி குவாலியின் பானைகள் லாடி குவாலியுடையவை. அவற்றைக் கார்டியூவின் கணக்கில் நான் எழுத மாட்டேன், நீங்களும் எழுத மாட்டீர்கள். அவருக்குத் தனி இழையே வேண்டும். நீங்களே தொடங்குங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன்.

கார்டியூவின் கை என்று மட்டும் பார்த்தால் என் கருத்து மாறவில்லை. அபுஜாவிலும் பின்னாளில் வென்ஃபர்ட் பிரிட்ஜிலும் அவர் செய்த ஸ்டோன்வேரில் அலங்காரத்தைத் தூரிகையால் இட்டார், கிளேசைக் கீறினார். அழகானவைதான். ஆனால் தூரிகை பாண்டத்தைச் சந்திக்கும்போது பாண்டம் ஏற்கெனவே முடிந்துபோன பொருள். வின்ச்கமில் ஸ்லிப்பும் பாண்டமும் ஒரே ஈரத்தில் இருக்கின்றன. விரல் இழுத்த கோட்டுக்கும் சக்கரத்தில் விரல் ஏற்றிய கோட்டுக்கும் வித்தியாசம் இல்லை. செல்ட்டனம் நண்பர் தடவிப் பார்த்ததும் அதைத்தான்.

---

செல்ட்டனம்_தமிழன்

இதில நான் பாதி மைந்தனோட, பாதி அண்ணையோட. ஸ்லிப்வேர் முடிஞ்சு போன கதையும் இல்லை. வடக்கு டெவனில ஷெபியர் எண்ட ஊரில கிளைவ் போவன் 1971-இலயே பட்டறை போட்டு விறகுச் சூளையில ஸ்லிப்வேர் செய்து வந்தவர். அவற்ற வேலையையும் பாருங்கோ, விரல் இழுப்பு, பெரிய தட்டு, பெரிய தாழி.

நந்தினித் தங்கச்சி, உங்கட சோதனைத் துண்டு எந்த அளவில வந்திருக்கு?

---

நந்தினி_சேலம்

நேத்து ராத்திரி சூளை பிரிச்சேன் அண்ணா. மைந்தன் அண்ணா சொன்ன நகப் பதத்துல பூசினதுல ஒண்ணு கூட உரியல. பிடி வச்ச கப் எல்லாம் நின்னுது. கிளேஸ்ல இரும்பு ஒன்றரை சதவீதத் துண்டு வெளிறின மஞ்சள், 2 சதவீதம் பழுப்பு ஏறின மஞ்சள், நடுவுல ஒண்ணேமுக்கால் சதவீதம் நல்லா இருக்கு. ஆனா தடிப்பா விழுந்த இடத்துல எல்லாம் கோவை சார் சொன்ன நீல மேகம் வந்துடுச்சு. விரல் கோட்டுல ஒரு சந்தேகம்: கோட்டோட ஓரத்துல ஸ்லிப் கூர்மையா நிமிர்ந்து நிக்குது, கிளேஸ் அந்த இடத்துல ஓடிப்போய் சொரசொரன்னு இருக்கு. உதட்டுல படுற மாதிரி கப்புல இது சரியா வராது.

---

மானாமதுரை_மைந்தன்

ஸ்லிப் கனமா இருக்கு, இல்லன்னா பளபளப்பு போன பிறகு இழுத்திருக்கீங்க. ரெண்டு கரண்டித் தண்ணி விட்டு இன்னும் கொஞ்சம் முன்னாடியே இழுத்துப் பாருங்க. இழுத்து முடிச்சதும் கப்பை உள்ளங்கையில வச்சு அடியில லேசா ரெண்டு தட்டு தட்டுங்க, நிமிர்ந்து நிக்கிற ஓரம் தானா அமரும். வாய் விளிம்பை மட்டும் ஈரப் பஞ்சால ஒரு சுத்து துடைச்சு விட்டுருங்க, அங்க ஸ்லிப்பே வேண்டாம். லாடி குவாலிக்கு இந்த வாரக் கடைசியில இழை போடுறேன்.